வினைக்குப் பக்கத்தில் யார் உட்காருவது? ஒரு பழைய தந்திக்காரனின் ஆங்கிலப் பாடம்

தந்தி அலுவலகத்தில் கவுன்டர் வேலை என்பது பாதிக்குப் பாதி எண்ணுகிற வேலை. வந்தவர் நீட்டும் படிவத்தை வாங்கி, ஒவ்வொரு சொல்லையும் பென்சில் முனையால் தொட்டுத் தொட்டு எண்ண வேண்டும். முகவரியில் இருக்கும் சொல்லுக்கும் காசு உண்டு. அதனால் மக்கள் ‘தி’, ‘இஸ்’, ‘ஐ’, ‘யூ’ எல்லாவற்றையும் ஈவிரக்கம் இல்லாமல் வெட்டிவிட்டுத்தான் வருவார்கள். அத்தனை வெட்டுக்கும் தப்பிப் பிழைத்தது அட்வெர்ப், அதாவது வினையடை.

‘ஃபாதர் சீரியஸ் ஸ்டார்ட் இமீடியட்லி.’ இந்தத் தந்தியை எத்தனை முறை அனுப்பியிருப்பேன் என்று கணக்கில்லை. ‘ஸ்டார்ட்’ என்று மட்டும் போனால், பெறுகிறவர் லீவு சொல்லிவிட்டு மறுநாள் காலை பஸ்ஸைப் பிடிப்பார். ‘இமீடியட்லி’ ஒட்டிக்கொண்டு போனால் கட்டிய வேட்டியோடு கிளம்புவார். ஊர் போய்ச் சேர்ந்தவர் அங்கிருந்து அனுப்புவது ‘ரீச்டு சேஃப்லி’. ‘அரைவ்டு சேஃப்லி’ என்பதே செம்மையான ஆங்கிலம். ‘ரீச்’ என்றால் எதை அடைந்தீர்கள் என்று சொல்ல வேண்டும். ஆனால் நம் ஊரில் யார் அதைப் பார்த்தார்கள்? அதுவும் இரண்டு சொல், இதுவும் இரண்டு சொல்.

2013 ஜூலையில் இந்தியாவில் தந்தி நின்றுபோனது. நான் அதற்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டேன். இப்போது மாலை வேளைகளில் கீழ்வீட்டுப் பெண்ணுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். நர்சிங் முடித்தவள், வெளிநாட்டு வேலைக்கு முயற்சி செய்கிறாள். அவளுக்குச் சொற்கள் தெரியும். அவற்றின் வரிசைதான் தடுமாறும். “தாத்தா, இந்த அட்வெர்பை எங்கேதான் வைப்பது?” என்று ஒரு நாள் நோட்டை மூடிவைத்துவிட்டுக் கேட்டாள்.

முதல், நடு, கடை என்று இலக்கணப் புத்தகங்கள் மூன்று இடங்களைக் காட்டும். தப்பில்லை. ஆனால் நோயாளி எதிரே படுத்திருக்கும்போது மூன்று இடங்களில் எது என்று யோசித்துக்கொண்டிருக்க முடியுமா? நான் அவளுக்குக் கொடுத்தது ஒரு கண்ணாடி.

கண்ணாடி வைத்துப் பார்ப்பது

‘அவள் நேற்று சபாவில் அருமையாகப் பாடினாள்.’ வினை கடைசியில் நிற்கிறது. அதை ஒட்டி ‘அருமையாக’. அதற்கு முன்னால் இடம். இடத்துக்கும் முன்னால் காலம். ‘அவள்’ என்ற எழுவாயை அதன் இடத்திலேயே விட்டுவிட்டு, மீதியைக் கண்ணாடிக்கு முன் பிடியுங்கள். வினை முன்னால் வரும், மற்றவை அப்படியே திரும்பி நிற்கும்: ‘ஷி சேங் பியூட்டிஃபுல்லி அட் தி சபா எஸ்டர்டே.’

இரண்டு மொழியிலும் வினையோடு தோள் உரசி நிற்பது ‘எப்படி’ என்ற சொல்தான். தமிழில் இடது தோள், ஆங்கிலத்தில் வலது தோள், அவ்வளவே. ‘எங்கே’ அடுத்தது. ‘எப்போது’ கதவோரம்.

இதைச் சொன்னதும் அவள் மடக்கினாள். “நேற்று அவசரமாக ஊருக்குப் போனான் என்றால் ஊர்தானே வினைக்குப் பக்கத்தில் இருக்கிறது?” நல்ல கேள்வி. போவது, வருவது, திரும்புவது போன்ற வினைகளில் போகும் இடம்தான் வினையை ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலத்திலும் அப்படியே: ‘ஹி வென்ட் ஹோம் குவிக்லி எஸ்டர்டே.’ முதலில் ‘ஹோம்’, பிறகுதான் ‘குவிக்லி’. அங்கேயும் கண்ணாடி பொய் சொல்லவில்லை. நானே அன்றைக்குத்தான் இதைக் கவனித்தேன் என்பதை அவளிடம் சொல்லவில்லை.

செயப்படுபொருள் வரும் வாக்கியத்தில்தான் நம்மவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். ‘ஷி ஸ்பீக்ஸ் வெல் இங்கிலீஷ்’, ‘ஐ லைக் வெரி மச் காபி.’ ஆங்கில வினைக்கும் அதன் செயப்படுபொருளுக்கும் நடுவில் வேறு யாரும் உட்காரக் கூடாது. மணவறையில் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் நடுவே பெரியப்பா போய் உட்காருவதுபோல் இருக்கும். ‘ஷி ஸ்பீக்ஸ் இங்கிலீஷ் வெல்’, ‘ஐ லைக் காபி வெரி மச்’ என்பதே சரி. செயப்படுபொருள் முழ நீளம் இருந்தால் மட்டும் பெரியப்பாவுக்குச் சலுகை உண்டு. அன்றாடப் பேச்சில் அது அபூர்வம்.

‘லி’ என்று முடியும் சில அட்வெர்புகள் வினைக்கு முன்னாலும் நிற்கும். ‘ஷி கேர்ஃபுல்லி ஓபன்ட் தி லெட்டர்’ என்று தாராளமாகச் சொல்லலாம். ஆனால் ‘வெல்’, ‘ஹார்ட்’, ‘ஃபாஸ்ட்’ மூன்றும் பின்னால்தான். ‘ஹி ஃபாஸ்ட் ரன்ஸ்’ என்றால் அது ஆங்கிலச் சொற்களில் பேசும் தமிழ்.

‘ஆக’ எல்லாம் ‘லி’ ஆகாது

மறுபடியும் அந்தத் தந்தியைப் பாருங்கள். ‘ஃபாதர் சீரியஸ்’ என்றுதானே போனது? ‘ஃபாதர் சீரியஸ்லி’ என்று யாரும் எழுதவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி பக்கத்தில் நிற்பவரிடம் சொல்லி எழுத வைத்ததும் ‘சீரியஸ்’தான். அங்கே ‘இஸ்’ ஒளிந்திருக்கிறது, வெட்டப்பட்டுவிட்டாலும். (லண்டன்காரர் ஒருவர் அதைப் படித்தால், அப்பா சிரிக்காமல் இருக்கிறார் என்று நினைத்துக்கொள்வார். அவர்கள் வழக்கில் அது ‘சீரியஸ்லி இல்’. அப்படி எழுதினால் ஒரு சொல்லுக்குக் காசு கூடுதல்.)

நமக்குச் சிக்கல் எங்கே வருகிறது என்றால், தமிழில் ‘இருக்கிறது’ வந்தாலும் ‘ஆக’ போடுகிறோம், வேறு வினை வந்தாலும் ‘ஆக’ போடுகிறோம். ‘அழகாக இருக்கிறாள்’, ‘அழகாக எழுதுகிறாள்’ இரண்டிலும் ஒரே ‘அழகாக’. ஆங்கிலத்தில் முன்னது ‘ஷி இஸ் பியூட்டிஃபுல்’, பின்னது ‘ஷி ரைட்ஸ் பியூட்டிஃபுல்லி’. ‘இஸ்’ மட்டும் இல்லை. ‘லுக்’, ‘ஃபீல்’, ‘ஸ்மெல்’, ‘டேஸ்ட்’, ‘சவுண்ட்’, ‘சீம்’ எல்லாம் இதே குடும்பம். பாயசம் இனிப்பாக இருந்தால் ‘தி பாயசம் டேஸ்ட்ஸ் ஸ்வீட்’ என்று நிறுத்திக்கொள்ள வேண்டும். ‘ஸ்வீட்லி’ என்றால் பாயசமே கரண்டி எடுத்து இனிமையாக எதையோ சுவைத்துப் பார்ப்பதாக ஆகிவிடும்.

சந்தேகம் வந்தால் வினையைத் தூக்கிவிட்டு ‘இஸ்’ வைத்துப் பாருங்கள். ‘தி சாம்பார் டேஸ்ட்ஸ் குட்’ என்பதை ‘தி சாம்பார் இஸ் குட்’ என்று மாற்றினால் கருத்து கெடவில்லை. எனவே ‘லி’ தேவையில்லை. ‘ஷி குக்ஸ் வெல்’ என்பதை ‘ஷி இஸ் வெல்’ என்று மாற்றினால் நன்றாகச் சமைக்கிறவள் காய்ச்சல் குணமானவள் ஆகிவிடுகிறாள். அங்கே அட்வெர்ப்தான் வேண்டும்.

ஒரே வினை இரண்டு குடும்பத்திலும் கால் வைப்பதும் உண்டு. ‘ஹி லுக்ட் ஆங்க்ரி’ என்றால் முகம் கோபமாக இருந்தது. ‘ஹி லுக்ட் அட் மி ஆங்க்ரிலி’ என்றால் என்னைக் கோபமாகப் பார்த்தான். முன்னதில் அவன் சும்மா இருக்கிறான், பின்னதில் கண்ணால் வேலை செய்கிறான்.

சிவப்பு மை

வேலைக்குச் சேர்ந்து இரண்டு ஆண்டு ஆன சமயம். அக்கா கல்யாணத்துக்கு லீவு வேண்டும். மேலதிகாரிக்குப் பணிவாக ஒரு விண்ணப்பம் எழுதினேன். என் உழைப்பை நினைவூட்டினால் மனம் இரங்குவார் என்று நினைத்து, ‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹார்ட்லி ஃபார் டூ இயர்ஸ்’ என்று ஒரு வரி சேர்த்தேன். ‘ஹார்ட்’ பெயரடை, ‘லி’ சேர்த்தால் வினையடை என்று பள்ளியில் படித்த விதி கைவசம் இருந்ததே! விண்ணப்பம் மறுநாள் திரும்பி வந்தது. லீவு கிடைத்திருந்தது. அந்த வரிக்குப் பக்கத்தில், ஓரத்தில், சிவப்பு மையில் இரண்டே சொற்கள்: ‘ஐ நோ.’

‘ஹார்ட்லி’ என்றால் ‘அநேகமாக இல்லை’. இரண்டு வருடமாக நான் வேலையே செய்யவில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். கடுமையாக உழைப்பது ‘வொர்க் ஹார்ட்’. ‘லேட்’ என்பதும் இப்படியே: ‘ஹி கேம் லேட்’ என்றால் தாமதமாக வந்தான்; ‘லேட்லி’ என்றால் அண்மைக் காலமாக. ‘நியர்’ பக்கத்தில், ‘நியர்லி’ ஏறக்குறைய. ‘ஃபாஸ்ட்’டுக்கு ‘ஃபாஸ்ட்லி’ என்று ஒன்று கிடையவே கிடையாது. ‘ஃப்ரெண்ட்லி’, ‘லவ்லி’, ‘லோன்லி’ மூன்றும் அட்வெர்ப் வேடம் போட்ட பெயரடைகள். ‘ஹி ஸ்போக் ஃப்ரெண்ட்லி’ என்று சொல்ல முடியாது; ‘இன் எ ஃப்ரெண்ட்லி வே’ என்று நான்கு சொல் செலவழிக்க வேண்டும்.

எப்போதும், அடிக்கடி, ஒருபோதும்

இவற்றுக்குக் கண்ணாடி வேண்டாம். ‘அவன் எப்போதும் லேட்டாக வருவான்’, ‘ஹி ஆல்வேஸ் கம்ஸ் லேட்’. தமிழ்போலவே ‘ஆல்வேஸ்’ வினைக்கு முன்னால் நிற்கிறது. ‘யூஷுவலி’, ‘ஆஃபன்’, ‘ரேர்லி’, ‘நெவர்’ எல்லாம் அப்படியே. ‘இஸ்’, ‘ஆம்’, ‘ஆர்’, ‘வாஸ்’ வந்தால் மட்டும் அவற்றுக்குப் பின்னால் போய்விடும்: ‘ஹி இஸ் ஆல்வேஸ் லேட்.’ ‘ஹேவ்’, ‘வில்’, ‘கேன்’ போன்ற துணைவினை இருந்தால் முதல் துணைவினையைத் தாண்டியதும் உட்காரும்: ‘ஐ ஹேவ் நெவர் சீன் ஸ்னோ.’ பனி பார்க்கப் போகிறவள் என்பதால் அந்தப் பெண் இந்த வாக்கியத்தைத் தானே செய்தாள்.

‘இன்னும்’ என்ற தொல்லை

‘இன்னும் தூங்குகிறார்’, ‘இன்னும் சாப்பிடவில்லை.’ நமக்கு ஒரு சொல், ஆங்கிலத்துக்கு இரண்டு. நடந்துகொண்டே இருப்பது ‘ஸ்டில்’: ‘ஹி இஸ் ஸ்டில் ஸ்லீப்பிங்.’ எதிர்பார்த்தது நடக்காமல் இருப்பது ‘யெட்’, அதுவும் கடைசியில்: ‘ஹி ஹாஸன்ட் ஈட்டன் யெட்.’ மருத்துவமனையில் இந்த இரண்டும் நாளுக்கு நூறு முறை வாயில் வரும். ‘இஸ் இட் ஸ்டில் ஹர்ட்டிங்?’ என்றால் இன்னும் வலிக்கிறதா. நடந்து முடிந்துவிட்டதென்றால் ‘ஆல்ரெடி’: ‘ஐ ஹேவ் ஆல்ரெடி டோல்ட் ஹிம்.’ இங்கே நம்மவர்கள் ‘ஆல்ரெடி ஐ டோல்ட்’ என்று ‘ஏற்கெனவே’யை முன்னால் தள்ளுவார்கள். இந்தியாவுக்குள் புரிந்துவிடும்.

‘தான்’ என்பதை ‘ஒன்லி’ ஆக்குவதும் அப்படியே. ‘நேற்றுதான் வந்தேன்’ என்பதற்கு ‘எஸ்டர்டே ஒன்லி ஐ கேம்’ என்று சொல்லாதவர் நம்மில் யார்? ‘ஐ ஒன்லி கேம் எஸ்டர்டே’ என்று ‘ஒன்லி’யை வினைக்கு முன்னால் நகர்த்துங்கள். ‘அவர்தான் சொன்னார்’ என்பதற்கு ‘ஒன்லி’ கூடவே கூடாது. ‘இட் வாஸ் ஹி ஹூ டோல்ட் மி’ என்று வாக்கியத்தையே திருப்ப வேண்டும், அல்லது ‘ஹி’யைக் குரலில் அழுத்த வேண்டும்.

துக்கடாச் சொற்கள்

‘அப்’, ‘டவுன்’, ‘ஆஃப்’, ‘அவுட்’, ‘அவே’, ‘பேக்’. இவற்றை ஒரு பட்டியலாக மனப்பாடம் செய்யச் சொல்லும் புத்தகங்கள் ஆயிரம் பக்கம் போகும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. தமிழில் ‘குடி’ என்பதற்கும் ‘குடித்துவிடு’ என்பதற்கும் என்ன வேறுபாடு? பின்னதில் டம்ளர் காலியாகிறது. ‘ட்ரிங்க்’ என்பதற்கும் ‘ட்ரிங்க் அப்’ என்பதற்கும் அதே வேறுபாடுதான். நாம் ‘விடு’, ‘வை’, ‘போடு’, ‘கொள்’ என்று பின்னால் ஒரு வினையை ஒட்டிச் செய்யும் காரியத்தை, ஆங்கிலம் ஒரு குட்டி அட்வெர்பை ஒட்டிச் செய்துகொள்கிறது. எழுதி வை, ‘ரைட் டவுன்’. தூக்கிப் போடு, ‘த்ரோ அவே’. திரும்பி வா, ‘கம் பேக்’. எரிந்து சாம்பலானது, ‘பர்ன்ட் டவுன்’. எல்லாவற்றுக்கும் இந்தப் பொருத்தம் அமையாது. ஆனால் ‘அப்’ ஏன் வந்தது, மேலே என்ன இருக்கிறது என்று மோட்டுவளையைப் பார்க்கும் பழக்கம் இதனால் நிற்கும்.

இடம் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. ‘ஸ்விட்ச் ஆஃப் தி ஃபேன்’, ‘ஸ்விட்ச் தி ஃபேன் ஆஃப்’ இரண்டும் சரி. ஃபேனுக்குப் பதில் ‘இட்’ வந்துவிட்டால் ‘ஸ்விட்ச் இட் ஆஃப்’ மட்டுமே சரி. ‘ஸ்விட்ச் ஆஃப் இட்’ என்று எந்த ஆங்கிலேயரும் சொல்ல மாட்டார். ‘லுக் ஆஃப்டர் ஹர்’, ‘லுக் அட் இட்’ என்பவை வேறு சாதி. அங்கே ‘ஆஃப்டர்’, ‘அட்’ இரண்டும் முன்னிடைச் சொற்கள், அதாவது ப்ரெபசிஷன், பிரியாது. அந்தப் பெண்ணுக்கு இதைச் சட்டைக் கையில் வைத்துப் பழக்கினேன். என் சட்டைக் கையைக் காட்டி, ஊசி போடப் போவதுபோல் அவள் சொல்ல வேண்டும்: ‘ரோல் அப் யுவர் ஸ்லீவ், ப்ளீஸ்.’ நான் செவிடுபோல் நடிப்பேன். ‘ரோல் இட் அப்.’ அடுத்து ‘லை டவுன் ஸ்லோலி.’ ‘ப்ரீத் இன் டீப்லி.’ ‘நவ் ப்ரீத் அவுட்.’ குட்டி அட்வெர்ப் முதலில், ‘எப்படி’ அடுத்து. என் மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, எனக்கு என்ன உடம்புக்கு என்று கேட்டாள்.

விறுவிறுவென்று

அந்த ‘எட்டிப் பார்த்தாள்’ இருக்கிறதே, அதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? அட்வெர்ப் தேடினால் கிடைக்காது. ‘பீக்ட்’ என்று ஒரே வினையில் முடிந்துவிடும். நொண்டி நொண்டி நடந்தான், ‘லிம்ப்ட்’. முறைத்துப் பார்த்தான், ‘க்ளேர்ட்’. கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக் குடித்தான், ‘சிப்ட்’; மடமடவென்று குடித்தான், ‘கல்ப்ட் இட் டவுன்’. விறுவிறுவென்று நடந்தான், ‘ஸ்ட்ரோட்’. மழை பிசுபிசுவென்று தூறினால் ‘இட் ட்ரிஸில்ட்’, கொட்டோ கொட்டென்று கொட்டினால் ‘இட் போர்ட்’.

நமக்கு இரட்டைக்கிளவிகள் ஏராளம்; சலசல, தடதட, குடுகுடு என்று காதுக்கே படம் காட்டிவிடுவோம். ஆங்கிலத்தில் அந்த ஓசையும் சாயலும் வினைக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கின்றன. அதனால்தான் ‘வாக்ட் ஸ்லோலி ஸ்லோலி’ என்று நாம் அடுக்கும்போது கேட்பவர் விழிக்கிறார். அட்வெர்ப் தேடும் முன், அந்தச் சாயலைத் தனக்குள் வைத்திருக்கும் வினை ஒன்று உண்டா என்று பாருங்கள். உண்டென்றால் அட்வெர்புக்குக் காசு மிச்சம்.

ஜோடி நோட்டு

இல்லாதபோது ஜோடி பார்த்துத்தான் சேர்க்க வேண்டும். ‘பலமான மழை’ என்கிறோமே என்று ‘இட் ரெயின்ட் ஸ்ட்ராங்லி’ என்றால் எடுபடாது. மழைக்கு ‘ஹெவிலி’. காற்று அடித்தால் ‘ஹார்ட்’. தூக்கத்துக்கு ‘சவுண்ட்லி’; சத்தம் என்று நினைத்துவிடாதீர்கள், அயர்ந்து தூங்குவது. முகத்தில் அடித்தாற்போல் மறுத்தால் ‘ஃப்ளாட்லி ரெஃப்யூஸ்ட்’. கண்முன் நிற்பதுபோல் நினைவிருந்தால் ‘விவிட்லி ரிமெம்பர்’. ‘ஐ பேட்லி நீட் லீவ்’ என்பதில் கெட்டது ஒன்றும் இல்லை, தவிக்கிற அளவுக்குத் தேவை என்பதே பொருள். ஏன் இதற்கு இது என்று காரணம் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ‘பச்சைப் பொய்’ என்கிறோம், ‘நீலப் பொய்’ என்பதில்லை. அதற்கு என்ன காரணம்?

அவளுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுத்தேன். தினமும் படுக்கப் போகும் முன் அன்று நடந்ததை ஐந்து தந்திகளாக எழுத வேண்டும். ஒரு தந்திக்கு இரண்டே சொல். ஒன்று வினை, ஒன்று அட்வெர்ப். ‘வோக் லேட்.’ ‘ரெயின்ட் ஹெவிலி.’ ‘ஏட் வெல்.’ ‘வாக்ட் ஹோம்.’ ‘ஸ்லெப்ட் சவுண்ட்லி’ என்று ஒரு நாள் எழுதியிருந்தாள். படுக்கப் போகும் முன் எழுத வேண்டியதில் அது எப்படி வந்தது என்று கேட்டேன், மத்தியானத் தூக்கம் என்றாள். மறுநாள் காலை அதே ஐந்தையும் முழு வாக்கியமாக விரிக்க வேண்டும். ‘இட் ரெயின்ட் ஹெவிலி இன் மயிலாடுதுறை லாஸ்ட் நைட்.’ ஜோடி முதலில் அமைந்துவிட்டதால், விரிக்கும்போது இடமும் காலமும் தாமாகவே பின்னால் போய் நின்றன. நோட்டு தீர்ந்தபோது அவள் கண்ணாடி பார்ப்பதை நிறுத்தியிருந்தாள்.

போன மாதம் விமானம் ஏறினாள். இறங்கிய மறுநாள் கைபேசியில் ஒரு செய்தி வந்தது. ‘அரைவ்டு சேஃப்லி. ஃபுட் டேஸ்ட்ஸ் பேட்.’ பழக்க தோஷம், திரையின் மேல் விரலால் தொட்டு எண்ணினேன். ஐந்து சொல். ‘ரீச்டு’ இல்லை, ‘பேட்லி’ இல்லை. மனைவியிடம் படித்துக் காட்டினேன். “பாவம், ஊறுகாய் கொடுத்து அனுப்பியிருக்கலாம்” என்றாள்.